சாறு பன்றிக்கு, சக்கை மாட்டுக்கு: புல்லைப் பக்குவப்படுத்திப் பன்றித் தீவனமாக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்குன்றத்தைத் தாண்டிப் பெரியபாளையம் போகும் வழியில் சிறியதாக ஒரு வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். கூடவே நான்கு கறவை மாடுகள். கொட்டிலில் பச்சையாக எதையோ பிழிந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், பிறகு போனில் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னையையும் அதைச் சுற்றியுள்ள திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களையும் மனதில் வைத்துத்தான் பதில்கள்.

பன்றி புல் தின்னுமா? அது மாடு இல்லையே?

தின்னும். தின்பதும் அதனால் உடம்பு பிடிப்பதும் வேறு வேறு. மாட்டுக்கு நான்கு அறை வயிறு. நாரை ஊறவைத்து, நுண்ணுயிர்களை விட்டு உடைத்து, மறுபடி அசைபோட்டுச் சத்தாக்கிக்கொள்ளும். பன்றிக்கு நம்மைப் போல ஒற்றை வயிறு. நார் அதன் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போன பிறகுதான் கொஞ்சம் நொதித்துப் பயன்படும். வளர்ந்த தாய்ப்பன்றிக்குப் பெருங்குடல் பெரியது, அதனால் ஓரளவு நாரைச் சமாளிக்கும். பால் மறந்த குட்டிக்கு அந்த வசதி இல்லை. அதன் முன்னால் நேப்பியர் என்ற உயரமான தீவனப்புல்லின் தட்டையைப் போட்டால் கடித்து விளையாடும், எடை ஏறாது.

'பக்குவப்படுத்திய புல்' என்றால் என்ன?

மூன்று விதமாகச் சொல்லலாம். முதலாவது, பொடியாக நறுக்கிக் காற்றுப் புகாமல் அடைத்து நொதிக்கவைக்கும் ஊறுகாய்ப்புல். சைலேஜ் என்பது இதுதான். இரண்டாவது, இலையை மட்டும் நிழலில் காயவைத்து அரைத்த இலைமாவு. மூன்றாவது, புல்லை நசுக்கிப் பிழிந்து, சாற்றிலிருந்து புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுப்பது. முதல் இரண்டும் நம்மூரில் வெகுநாளாக இருப்பவை. எல்லாரும் புதிதாகக் கேட்பது மூன்றாவதைப் பற்றித்தான், அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

புல்லைப் பிழிந்தால் புரதம் வருமா? கேட்க விநோதமாக இருக்கிறதே?

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் காலை நடை முடித்தவர்கள் வரிசையில் நின்று அருகம்புல் சாறு குடிக்கிறார்களே, அதையே பெரிய அளவில் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இலையின் பச்சைத் திசுவுக்குள் ஒளிச்சேர்க்கை வேலையைச் செய்வதற்கென்றே நிறையப் புரதம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு 'ருபிஸ்கோ' என்ற ஒரே நொதி. உலகத்திலேயே அதிகமாக இருக்கும் புரதம் அதுதான் என்பார்கள். இலையை நன்றாக நசுக்கினால் செல்சுவர் உடைந்து, இந்தப் புரதம் சாற்றோடு வெளியே வந்துவிடும். நார் சக்கையில் தங்கிவிடும். அந்தச் சாற்றை 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கினாலோ, நொதிக்கவைத்தோ அமிலம் சேர்த்தோ புளிப்பேற்றினாலோ, எலுமிச்சை பிழிந்த பால் திரிவது போலத் திரிந்துவிடும். மேலே பச்சைத் தயிர் மாதிரி ஒன்று, கீழே பழுப்பு நிறத் தண்ணீர். அந்தத் தயிரை வடிகட்டிக் காயவைத்தால், எடையில் ஏறக்குறைய பாதி புரதமாக இருக்கும் மாவு கிடைக்கும். சோயாப் புண்ணாக்கின் புரதமும் அந்த அளவுதான். வீட்டில் பனீர் செய்யத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

இதை யார் கண்டுபிடித்தது? வெளிநாட்டில் நிஜமாகவே பன்றிக்குக் கொடுக்கிறார்களா?

இலைப்புரதம் பழைய யோசனை. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் என். டபிள்யூ. பிரீ என்ற உயிர்வேதியியலாளர் இதில் இறங்கினார். அவர் எண்ணம் மனிதர்களுக்கு உணவாக்குவது. பச்சை நிறத்தையும் புல்வாசனையையும் மனித நாக்கு ஏற்கவில்லை. பன்றி நாக்கு அவ்வளவு பிகு செய்வதில்லை. 1970-களில் அதே நாட்டில் குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனச்செடியின் சாற்றைப் பிரிக்காமல் அப்படியே பன்றிகளுக்கு ஊற்றியும் பார்த்தார்கள்.

இப்போது இதில் முன்னால் நிற்பது டென்மார்க். சின்ன நாடு, ஆனால் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். அந்தப் பன்றிகளுக்கும் பிற கால்நடைகளுக்குமாக ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் சோயாவை, பெரும்பாலும் தென் அமெரிக்காவிலிருந்து, கப்பலில் இறக்குகிறார்கள். காட்டை அழித்து விளைந்த சோயா என்ற பழியும் கூடவே வருகிறது. அதனால் தங்கள் வயலில் விளையும் புல்லிலிருந்தும் குளோவர் என்ற தீவனச்செடியிலிருந்தும் புரதம் பிரிக்க முனைந்தார்கள். ஆர்ஹுஸ் பல்கலைக்கழகம் ஃபூலும் என்ற ஊரில் 2019-இல் ஒரு மாதிரி ஆலையையே திறந்தது. அங்கே வளரும் பன்றிகளின் தீவனத்தில் 15 சதவீதம் வரை புல்புரதம் சேர்த்துப் பார்த்ததில் வளர்ச்சி குறையவில்லை. இறைச்சிக் கொழுப்பில் ஒமேகா-3 கூடியிருந்தது. நெதர்லாந்திலும் அயர்லாந்திலும் இதே வழியில் முயற்சிகள் நடக்கின்றன.

சோயாவுக்கு ஈடாகுமா?

ஏறக்குறைய ஆகும். பன்றிக்கு முதலில் தட்டுப்படுவது லைசின் என்ற அமினோ அமிலம். தானியங்களில் அது குறைவு. இலைப்புரதத்தில் அது நன்றாகவே இருக்கிறது, மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் சோயாவைவிடக் கொஞ்சம் தூக்கல். செரிமானம் மட்டும் சோயாவைவிடச் சற்றுக் குறைவு. காயவைக்கும்போது சூடு மிஞ்சினால் லைசின் கெட்டு இன்னும் மோசமாகும். அடுப்பில் வறுத்தெடுத்த கரும்பச்சைத் தூளைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பன்றிக்கு அது பாதிச் சத்துதான்.

ஆனால் ஒன்று: இது புரதத்துக்கு மாற்று, மக்காச்சோளத்துக்கு மாற்று ஆகாது. எரிசக்திக்கு நொய்யோ, மக்காச்சோளமோ, தவிடோ இருந்தே தீரவேண்டும். 'புல்லை மட்டும் போட்டுப் பன்றி வளர்க்கலாம்' என்று யாராவது காணொளியில் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

சென்னைப் பக்கம் எந்தப் புல் இதற்குத் தோது?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நான் உட்பட.

தீவனப்புல் என்றதும் நம் கை போவது கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தந்த இந்த ரகங்கள் மாட்டுக்காரர்களுக்குப் பெரிய வரம். தண்ணீரும் எருவும் இருந்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு நூறு டன்னைத் தாண்டி அறுக்கலாம். ஆனால் அதன் உலர்பொருளில், அதாவது தண்ணீர் போக மிஞ்சும் எடையில், புரதம் 8 முதல் 10 சதவீதம்தான். முற்றவிட்டால் அதுவும் இறங்கிவிடும். பிழிந்தால் சாறு வரும், தயிர் கொஞ்சமாகத்தான் திரளும்.

புரதம் வேண்டுமென்றால் பயறுவகைச் செடிகளுக்குப் போகவேண்டும். குதிரைமசால் இதில் ராஜா. ஆனால் அதற்குக் கோயம்புத்தூர், தர்மபுரிப் பக்கத்துக் காற்று பிடிக்கும்; நம் கடலோரப் புழுக்கத்தில் அது சோர்ந்துபோகிறது. வேலிமசால் நன்றாக வரும், ஆனால் தண்டு விறகு மாதிரி. அதைப் பிழிவதைவிட இலையை உதிர்த்துக் காயவைப்பது மேல். அகத்தியும் அப்படியே. பிழிவதற்கு எனக்குச் சரிப்பட்டது தீவனத் தட்டைப்பயறு. சிலர் தீவனக் காராமணி என்பார்கள். தண்டு முழுக்க நீர். பூக்கும் தருணத்தில் அறுத்தால் உலர்பொருளில் 18 சதவீதத்தை ஒட்டிப் புரதம். விதைத்து ஐம்பது, அறுபது நாளில் அறுத்துவிடலாம்.

விதைக்கு எங்கே போவது என்பவர்களுக்கு: ஆவடி, செங்குன்றம் பக்கத்தில் அலமாதியில் மத்திய அரசின் வட்டாரத் தீவனப்பயிர் நிலையம் இருக்கிறது. போய்ப் பார்த்தாலே பல சந்தேகம் தீரும்.

சவுண்டல் (சூபாபுல்) மரத்து இலை சும்மா கிடைக்கிறதே, அதைக் கொடுக்கலாமா?

அளவாக. சவுண்டலில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வயிற்றில் அதை ஓரளவு உடைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கலாம், பன்றிக்கு அந்தத் துணை கிடையாது. அதிகமானால் முடி உதிரும், சினை பிடிப்பது கெடும். காயவைத்த மாவாகத் தீவனத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் நான் போவதில்லை. சினைப்பன்றிக்கு அதுவும் இல்லை.

பத்துப் பன்றிக்கு எவ்வளவு புல் வேண்டும்? கணக்குச் சொல்லுங்கள்.

சரி, தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

60 கிலோ எடையுள்ள பன்றி ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ அடர்தீவனம் (தானியம், புண்ணாக்குக் கலவை) தின்னும். அதில் சோயாப் புண்ணாக்கு சுமார் 400 கிராம் என்று வையுங்கள். பாதியைப் புல்புரதத்தால் மாற்றினால் போதும். முழுவதையும் மாற்ற ஆசைப்படவேண்டாம். அந்த 200 கிராம் சோயாவுக்கு ஈடாகக் காய்ந்த புல்புரதமும் கிட்டத்தட்ட 200 கிராம் வேண்டும். பத்துப் பன்றிக்கு இரண்டு கிலோ.

இனி வயல் பக்கம். ஒரு டன் பச்சைத் தட்டைப்பயறில் தண்ணீர் போனால் உலர்பொருள் 150 கிலோ. அதில் 18 சதவீதம் என்றால் 27 கிலோ புரதம். எல்லாம் சாற்றுக்கு வந்துவிடாது. மூன்றில் ஒரு பங்கு தயிராகத் திரண்டால் அதுவே நல்ல வேலை. ஆக ஒன்பது கிலோ புரதம், அதாவது 18 கிலோ மாவு. அப்படியென்றால் தினமும் இரண்டு கிலோ மாவுக்கு நூறு, நூற்றுப்பத்து கிலோ பச்சை அறுக்கவேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லாத ஒரு ஏக்கர், மாற்றி மாற்றி விதைத்துக்கொண்டே இருந்தால், ஏறத்தாழ இதற்குச் சரியாக இருக்கும்.

இப்போது காசுக்கணக்கு. நூறு கிலோ பச்சையை அறுத்துச் சுமந்து நறுக்கிப் பிழிந்து காய்ச்சி எடுத்தால் மிச்சமாவது இரண்டு கிலோ சோயாவின் விலை. சோயாவை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும்: ஓர் ஆளின் அரைநாள் கூலிக்குக்கூடக் காணாது. இதைப் படித்ததும் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். வைக்காதீர்கள், சக்கையை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

சக்கையை என்ன செய்வது?

மாட்டுக்குப் போடுவது. இந்த முறை முழுவதும் நிற்பதே இந்தக் காலில்தான்.

நூறு கிலோ பிழிந்தால் ஐம்பது கிலோவை ஒட்டிச் சக்கை மிஞ்சும். சாறு போனாலும் சத்துப் போய்விடுவதில்லை. சாற்றில் கரைந்து வெளியே வருவது மாட்டின் வயிற்றில் எப்படியும் சீக்கிரம் உடைந்து, பாதி மூத்திரத்தில் போகும் புரதம். சக்கையில் தங்குவது நாரோடு ஒட்டிய, மெதுவாகச் செரிக்கும் பங்கு. மாட்டுக்கு வேண்டியதும் அதுதான். டென்மார்க்கில் சக்கையை ஊறுகாய்ப்புல்லாக்கிக் கறவை மாடுகளுக்குப் போட்டபோது பால் குறையவில்லை என்று கண்டிருக்கிறார்கள். என் மாடுகளும் முகம் சுளிக்கவில்லை. நுணுக்கி நசுக்கிய பொருள் என்பதால், தட்டையில் கழிப்பது போல இதில் மிச்சம் வைப்பதும் இல்லை.

ஆக, மாட்டுக்கு எப்படியும் அறுக்கவேண்டிய பச்சையிலிருந்து, போகிற போக்கில் பன்றிக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறோம். அறுப்புக் கூலி மாட்டுக்கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. பன்றிக்கணக்கில் வருவது பிழியும் செலவும் காய்ச்சும் விறகும்தான். பத்துப் பன்றிக்கு மூன்று மாடு என்ற விகிதம் எனக்கு ஒத்துவந்தது. மாடு இல்லாதவர், அல்லது மாட்டுக்காரப் பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர், சாறு பிழியும் வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. ஊறுகாய்ப்புல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த இயந்திரத்தில் பிழிகிறீர்கள்?

முதலில் தெரிந்தவர் ஒருவரின் பழைய கரும்புச்சாறு இயந்திரத்தில் முயன்றேன். கரும்பு விறைப்பாக உருளைக்குள் போகும். புல் உருளையைச் சுற்றிக்கொண்டது. அரைமணி நேரத்தில் இயந்திரத்துக்குப் பச்சைத் தலைப்பாகை கட்டிவிட்டதுபோல ஆனதுதான் மிச்சம். உருளை வெறுமனே அழுத்தும். செல்சுவர் உடைய முதலில் கூழாக அரைபடவேண்டும். இப்போது சாஃப் கட்டர் என்ற தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் நறுக்கி, சுத்தியல் வைத்த அரைவை இயந்திரத்தில் ஒருமுறை விட்டு, பிறகு கல்யாணச் சமையல்காரர்கள் தேங்காய்ப்பால் எடுக்கும் திருகு வகை இயந்திரத்தில் பிழிகிறேன். பெரிய ஆலைகளில் இருப்பதும் அதே திருகுதான், அளவு மட்டும் யானைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் உள்ள வித்தியாசம்.

சாற்றைப் பழைய வேட்டியில் வடித்து, அண்டாவில் காய்ச்சி, திரண்டதும் மறுபடி வேட்டியில் கட்டித் தொங்கவிடுகிறேன். காயவைப்பதில்லை. ஈரத்தயிராகவே தவிட்டோடு பிசைந்து அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். ஒரு பன்றிக்கு முக்கால் கிலோ ஈரத்தயிர் என்றால் மேலே சொன்ன 200 கிராம் கணக்கு வந்துவிடும். காயவைப்பதுதான் இந்த வேலையிலேயே அதிக எரிபொருள் தின்னும் கட்டம். அதைத் தவிர்த்துவிட்டால் பாதி பாரம் குறைகிறது.

காய்ச்சாமல் சாற்றை அப்படியே கொடுத்தால்?

கொடுக்கலாம், பிழிந்த ஒரு மணி நேரத்துக்குள். இங்கிலாந்தில் செய்து பார்த்தது அதைத்தான். ஆனால் அது இங்கிலாந்துக் குளிர். ஒரு சித்திரை மாதம், சாயங்காலம் பிழிந்த சாற்றை நீல டிரம்மில் மூடிவைத்து, காலையில் ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தபோது வந்த வாடைக்குப் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வேலியோரம் வந்து நின்று, "என்னப்பா, ஏதாவது செத்துக் கிடக்குதா?" என்றார். பன்றிகள்கூடத் தொட்டியை மோந்துவிட்டுத் திரும்பிவிட்டன. பன்றியே ஒதுக்கிய தீவனம் என்ற பெருமை எனக்கு உண்டு.

வாடை மட்டும் பிரச்சினை இல்லை. யூரியா தாராளமாகப் போட்ட பயிரில் நைட்ரேட் சேர்ந்திருக்கும். சாறோ வேகவைத்த கீரையோ வெதுவெதுப்பாக மூடியே கிடந்தால் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட் பன்றிக்கு விஷம். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் மூக்கும் காதும் நீலம் பாய்ந்து விழும். அதனால் காய்ச்சியதை உடனே வடித்து ஆறவிடுங்கள், கொடுங்கள், தொட்டியைக் கழுவுங்கள். இன்னொன்று, இளஞ்சோளத்தைப் பிழியவே வேண்டாம். பூப்பதற்கு முந்திய சோளப்பயிர் மாட்டையே சாய்க்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதிலிருக்கும் சயனைடு நஞ்சு பன்றியையும் விடாது.

ஊறுகாய்ப்புல் எப்படிப் போடுவது, யாருக்குக் கொடுப்பது?

சென்னைக்காரர்களுக்கு இது ஐப்பசி, கார்த்திகைக்காக. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் வயலுக்குள் கால் வைக்க முடியாது, அறுத்ததும் காயாது. புரட்டாசிக்குள் அடைத்துவிடவேண்டும்.

பன்றிக்கு என்றால் மாட்டுக்கு நறுக்குவதைவிடப் பொடியாக இருக்கவேண்டும். ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் நறுக்கவேண்டும். இளம்புல்லாக, அரைநாள் வாடவிட்டது. கையில் இறுக்கிப் பிடித்தால் ஈரம் தெரியவேண்டும், ஆனால் சொட்டக்கூடாது. நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ வெல்லப்பாகு கரைத்துத் தெளித்து, 200 லிட்டர் டிரம்மில் ஏறி மிதித்து, காற்றில்லாமல் மூடினால் ஒன்றரை மாதத்தில் தயார். இளமஞ்சள் கலந்த பச்சை, பழம் புளித்த மணம் இருந்தால் சரி. பூசணம் தெரிந்தால் அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், இரக்கம் காட்டாதீர்கள்.

இதற்கு ஏற்ற ஆள் சினைப்பன்றி. அடர்தீவனத்தை இரண்டு கிலோவோடு நிறுத்திவிட்டு, மேலே இரண்டு கிலோ ஊறுகாய்ப்புல் கொடுத்தால் வயிறு நிறைந்து படுத்திருக்கும், கொழுப்பும் ஏறாது, மலச்சிக்கலும் வராது. வளரும் பன்றிகளுக்குக் கைப்பிடி அளவு போட்டால் அதைக் கிளறுவதிலேயே பொழுது போய்விடும். வாலைக் கடித்துக்கொள்ளும் சண்டை குறையும். குட்டிகளுக்கு வேண்டாம்.

ஹோட்டல் மிச்சம் சும்மா கிடைக்கும்போது புல்லோடு ஏன் மல்லுக்கட்டவேண்டும்?

நியாயமான கேள்வி. சென்னையைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் பல ஹோட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டப மிச்சத்தில்தான் ஓடுகின்றன. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சோறும் சாம்பாரும் எரிசக்திக்குக் குறைவில்லாதவை. ஆனால் அதில் புரதம் போதாது, உப்பும் எண்ணெயும் அதிகம், பிளாஸ்டிக்கும் பல்குத்தும் குச்சியும் இலவச இணைப்பு.

பெரிய பயம் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல். 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் இந்தியாவுக்குள் நுழைந்த நோய். வந்தால் கொட்டிலே காலி, மருந்து கிடையாது. மிச்ச உணவில் கிடக்கும் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று போதும், வைரஸ் உள்ளே வர. மிச்சத்தைக் கொடுப்பதென்றால் 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறிக் கிளறிக் கொதிக்கவைத்தே கொடுக்கவேண்டும். எத்தனை பேர் செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். சொந்த வயலின் தட்டைப்பயறில் அந்த ஆபத்து இல்லை. என்னைப் புல் பக்கம் திருப்பியது சுற்றுச்சூழல் அக்கறை என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். உண்மையில் திருப்பியது இந்தப் பயம்தான்.

நடைமுறையில் நான் இரண்டையும் சேர்த்தே ஓட்டுகிறேன். கொதிக்கவைத்த சோற்றில் எரிசக்தி, பச்சைத் தயிரில் புரதம்.

ஓஎம்ஆர் வளாகங்களில் வெட்டிக் கொட்டும் புல்வெளிப் புல்லை எடுக்கலாமா? கூவம், ஏரி ஓரம் வளரும் புல்?

வளாகப் புல் இளம்புல்தான், புரதமும் இருக்கும். ஆனால் அழகுக்காக வளர்த்த புல்லுக்கு என்ன மருந்து எப்போது அடித்தார்கள் என்று தோட்டக்காரரைக் கேட்காமல் தொடாதீர்கள். மூட்டையில் கட்டிய சில மணி நேரத்தில் சூடேறிப் புழுங்கிவிடும் என்பதும் உண்டு. கழிவுநீரில் விளைந்த எருமைப்புல் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் அது உறிஞ்சியிருக்கலாம். எனக்கு வேண்டாம் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன். கோயம்பேட்டுக் காலிஃபிளவர் இலையும் முட்டைக்கோஸ் மேல்தழையும் இவற்றைவிட எவ்வளவோ மேல், கழுவிவிட்டால் அப்படியே பிழியலாம்.

இது நிஜமாகவே சுற்றுச்சூழலுக்கு நல்லதா, இல்லை வெறும் பேச்சா?

டென்மார்க் வாதத்தை அப்படியே இங்கே ஒட்டமுடியாது. நம் சோயாவில் பெரும்பங்கு மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைகிறது, அமேசான் காட்டில் இல்லை. 2021-இல் விலை எகிறியபோது மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது, அது விதிவிலக்கு. ஆனாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வருகிற பொருளைப் பாதியாகக் குறைப்பது லாபம்தானே. மக்காச்சோளம் எத்தனால் ஆலைப் பக்கம் போகத் தொடங்கியதிலிருந்து தீவன விலை மொத்தமும் ஆட்டம் காண்கிறது, அதிலும் சொந்தப் புரதம் ஒரு பிடிமானம். தட்டைப்பயறு மண்ணில் தழைச்சத்தை நிறுத்திவிட்டுப் போகும். பழுப்புத் தண்ணீர் சாண எரிவாயுக் கலனுக்கு நல்ல தீனி. அதை ஓடையில் விட்டால் மட்டும் நீங்கள் செய்த நல்லதெல்லாம் போச்சு: மீன் செத்து மிதக்கும்.

நீரில் மிதந்து வளரும் அசோலா?

புரதம் உண்டு, ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். கோழிக்கு வளர்த்துக்கொள்ளுங்கள்.

இறைச்சியில் புல்வாடை வருமா?

என் வாடிக்கையாளர் யாரும் இதுவரை சொன்னதில்லை. புளித்த மிச்சம் தின்று வளர்ந்ததைவிடக் கொழுப்பு கெட்டியாக, வெள்ளையாக இருக்கிறது என்று கறி வெட்டுபவர் சொன்னார்.

பயிற்சி, பரிசோதனை, மானியம்?

செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் (தனுவாஸ்) ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 'தனுவாஸ் கேபிஎம் கோல்டு' என்ற பன்றியை உருவாக்கியதே அங்கேதான். பெயரில் இருக்கும் கேபிஎம் காட்டுப்பாக்கம்தான். வெண்பன்றி வளர்ப்பைக் கற்க நம் பக்கத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை. நீங்கள் எடுத்த தயிரில் எவ்வளவு புரதம் என்று தெரியாமல் சோயாவைக் குறைக்காதீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பினால் முடிவு கிடைக்கும். தேசிய கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்கு 50 சதவீத மூலதன மானியம் உண்டு. 100 தாய்ப்பன்றி, 10 ஆண் பன்றி கொண்ட அலகுக்கு உச்சவரம்பு 30 லட்சம் ரூபாய். ஊறுகாய்ப்புல் தயாரிப்பு அலகுகளுக்கும் அதே இயக்கத்தில் தனியாக மானியம் இருக்கிறது.

முதல் நாள் எப்படித் தொடங்குவது?

ஐந்து கிலோ தட்டைப்பயறு இலையை மிக்ஸியில் அரைத்து, துணியில் பிழிந்து, பால் பாத்திரத்தில் காய்ச்சிப் பாருங்கள். திரண்டு வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு இயந்திரம் வாங்கலாமா என்று யோசியுங்கள். பன்றிக்கு முதல் மூன்று நாள் ஒரு கைப்பிடி, அப்புறம் பத்து நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கசப்பு கொஞ்சம் உண்டு, அதனால் தவிட்டில் ஒரு கரண்டி வெல்லப்பாகு கலந்தால் தயங்காமல் தின்னும். சாணம் இளகினால் பழைய அளவுக்குத் திரும்புங்கள். காய்ச்சிய பாத்திரத்தை மட்டும் வீட்டுச் சமையலுக்குத் திருப்பி வைக்காதீர்கள். அந்தப் பச்சை வாடை ஒரு மாதம் போகாது, என் வீட்டில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான்.